விடை சரி, கணக்கு தப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாசுப்பேட்டையில் இருக்கும் என் பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. ஜேஇஇ தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். வரும்போதே ஒரு மாதிரித் தேர்வுத் தாளையும் கையில் கொண்டுவந்தாள். பாட்டி செய்த பணியாரம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று முன்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பேப்பர் படிப்பதுபோல் அவள் நோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவன். யார் எதை எழுதினாலும் எட்டிப் பார்க்கும் புத்தி இன்னும் போகவில்லை.

கணக்கு இதுதான்:

(எக்ஸ் − 1)(எக்ஸ் + 2)² / (எக்ஸ் − 4) ≤ 0

இதற்குப் பொருந்தும் முழு எண்கள் எத்தனை என்று கேள்வி. விகிதமுறு அசமன்பாடு என்று பாடப்புத்தகத்தில் பெரிய பெயர் இருக்கும். விஷயம் சின்னது. எக்ஸ் எந்தெந்த மதிப்பாக இருந்தால் இந்தக் கோவை சைபராகவோ சைபருக்குக் கீழாகவோ வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். விடை 4. பின்பக்கத்தில் விடைப் பட்டியலைப் பார்த்தாள். அங்கேயும் 4. பச்சைப் பேனாவால் ஒரு டிக் போட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"கொஞ்சம் இரும்மா. எந்த நாலு எண்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஏன் தாத்தா, ஆன்சர்தான் மேட்ச் ஆயிடுச்சே?"

எண்ணிக்கை நாலு என்பது சரி. ஆனால் அவள் சொன்ன நாலு எண்கள் சரியில்லை. எனக்கு உடனே பட்டது, ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் நான் இந்தக் கணக்கைப் படித்தது பிரெஞ்சில்.

எங்கள் காலத்துப் பாண்டிச்சேரி அப்படி. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. கொடி மாறினாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் மாறவில்லை. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழ், வகுப்பறைக்குள் நுழைந்தால் எல்லாம் பிரெஞ்சு. இன்றைக்கும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தால் எனக்குப் பிரெஞ்சில்தான் எண்கள் வரும்.

எங்கள் கணக்கு முசியே இந்த மாதிரிக் கணக்குக்கு ஒரே ஒரு வழிதான் சொல்லிக் கொடுத்தார். 'தாப்லோ தெ சீஞ்'. அதாவது குறிகளின் அட்டவணை. ரூல் தடியை வைத்துக் கோடு போட வேண்டும். மேல் வரிசையில் எக்ஸ் மதிப்புகள், சிறியதிலிருந்து பெரியது வரை: −2, 1, 4. அதற்குக் கீழே ஒவ்வொரு காரணிக்கும் தனித்தனி வரிசை. அந்தக் காரணி எந்த இடைவெளியில் ப்ளஸ், எங்கே மைனஸ், எங்கே சைபர் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். வகுக்கும் எண் எங்கே சைபர் ஆகிறதோ, அங்கே கடைசி வரிசையில் இரட்டைக் கோடு. சைபரால் வகுக்க முடியாது, எனவே அந்த மதிப்பு விலக்கப்பட்டது என்று அர்த்தம். ஒற்றைக் கோடு போட்டால் முசியே பாதி மதிப்பெண் வெட்டிவிடுவார்.

பேத்திக்குக் கோச்சிங் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது வேறு வழி. 'வேவி கர்வ்' என்கிறாள். எண்கோட்டில் புள்ளிகளை வைத்து, வலது கோடியில் மேலிருந்து தொடங்கி, அலைபோல் ஒரு வளைகோடு. ஒற்றைப்படை அடுக்கு என்றால் கோட்டைக் கடந்து போகும். இரட்டைப்படை அடுக்கு என்றால் தொட்டுவிட்டு அதே பக்கம் திரும்பிவிடும். நல்ல வழிதான். எங்கள் அட்டவணை பத்து வரியில் சொல்வதை இது ஒரே கோட்டில் சொல்லிவிடும். குறை வழியில் இல்லை, அவசரத்தில் இருந்தது.

என்ன செய்தாள் என்று கேட்டேன். "ஸ்கொயர் எப்பவும் பாசிட்டிவ், அதனால அடிச்சிட்டேன். மிச்சம் ரெண்டுதான். ஒண்ணுக்கும் நாலுக்கும் நடுவுல மைனஸ்" என்றாள்.

இங்கேதான் எனக்கு என் பிரெஞ்சு உதவியது. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறையில் 'பொசித்தீஃப்' என்றால் சைபரும் அதில் சேர்த்தி. சைபர் கூடாது என்றால் 'ஸ்த்ரிக்த்மான் பொசித்தீஃப்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பாசிட்டிவ் என்றால் சைபர் சேராது. அப்படியென்றால் வர்க்கம் எப்போதும் பாசிட்டிவ் என்பது ஆங்கிலத்தில் உண்மையே இல்லை. எக்ஸ் −2 ஆகும்போது அந்த வர்க்கம் சைபர். மொத்தக் கோவையும் சைபர். சைபர் ≤ 0 சரிதானே? ஆகவே −2 ஒற்றை ஆளாகத் தள்ளி நின்றாலும் விடையில் உண்டு. அதை அடித்துவிட்டாள்.

இன்னொரு பக்கம் 4. அது கீழே இருக்கும் எண்ணைச் சைபர் ஆக்குகிறது. சேரவே கூடாது. அதைச் சேர்த்துவிட்டாள்.

சரியான எண்கள் −2, 1, 2, 3. அவளுடையவை 1, 2, 3, 4. உள்ளே இருக்க வேண்டிய ஒருவர் வெளியே, வெளியே இருக்க வேண்டிய ஒருவர் உள்ளே. தலையை எண்ணினால் இரண்டிலும் நாலு.

இதை நேராகச் சொன்னால் வாதம் வரும். அதனால், "எண்ணிக்கை வேண்டாம்மா. அந்த எண்களைக் கூட்டினா என்ன வருதுன்னு சொல்லு" என்றேன்.

"பத்து."

"−2, 0, 4 மூணையும் மேல போட்டுப் பார்த்துட்டுச் சொல்லு."

முகம் சுளித்துக்கொண்டே போட்டுப் பார்த்தாள். −2 போட்டால் சைபர். 0 போட்டால் ப்ளஸ் 1, அது வராது. 4 போட்டவுடன் பேனா நின்றது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலு" என்றாள். கூட்டுத்தொகையும் 4தான்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல் இல்லை. "இப்பிடியே எத்தனை டிக் போட்டிருக்கேனோ" என்றாள். சரியான விடைக்கு நாலு மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழிவு. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது நாலு. ஆனால் அசல் தேர்வில் கூட்டுத்தொகை என்று ஒரு வார்த்தை மாற்றிக் கேட்டிருந்தால் மைனஸ் ஒன்று.

அப்போதுதான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

1983இல் நான் ஓர் அலுவலகத்தில் ஓய்வூதியப் பிரிவில் இருந்தேன். அகவிலைப்படி உயர்வு வந்த சமயம். நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட பட்டியலைக் கையால் எழுத வேண்டும். அடுத்தடுத்த இரண்டு வரிகளில் தொகையை மாற்றி எழுதிவிட்டேன். ஒருவருக்கு 45 ரூபாய், மற்றவருக்கு 27 ரூபாய் வர வேண்டியது. இடம் மாறிப் போயிற்று. பக்கத்தின் அடியில் கூட்டினேன். டேலி ஆயிற்று. ஆகாமல் எப்படி இருக்கும்? கண்காணிப்பாளரும் மொத்தத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதம் கழித்து ஒரு அம்மா வந்தார். துப்புரவுப் பணியில் இருந்து இறந்துபோனவரின் மனைவி. பக்கத்து வீட்டுக்காரருக்கு நிறைய ஏறியிருக்கிறதாம், தனக்குக் கொஞ்சம்தானாம். சண்டை போட வரவில்லை. "எங்களுக்கு மட்டும் கம்மி பண்ணிட்டாங்களாய்யா?" என்று மெதுவாகக் கேட்டார். சர்க்கார் வேண்டுமென்றே குறைத்ததாக நினைத்து ஏழு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார்.

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. மாதம் 18 ரூபாய் வீதம் 126 ரூபாய். அந்தக் காலத்தில் அது அவருக்கு எத்தனை நாள் அரிசி என்று கணக்குப் போட எனக்குத் துணிவு வரவில்லை. ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். அவருக்கு நிலுவை கிடைத்தது. அதிகமாக வாங்கியவரிடம் தவணையில் பிடித்தார்கள். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் மொத்தத்தை மட்டும் நம்பியதில்லை. சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு புள்ளி வைத்த பிறகுதான் கூட்டல். 'சாமி வரி வரியா பூஜை பண்றாரு' என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அது வேறொன்றுமில்லை, முசியே சொல்லிக் கொடுத்த அட்டவணைதான். ஒவ்வொரு காரணிக்கும் ஒரு வரிசை. பள்ளிக்கூடத்தில் படித்ததை முப்பது வயதில்தான் புரிந்துகொண்டேன்.

பேத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் என் அட்டவணையை ஏற்றுக்கொள்ளவில்லை. "மூணு மணி நேரத்துல எழுபத்தஞ்சு கேள்வி தாத்தா. ரூல் தடி வெச்சிக் கோடு போட்டா பாஸ் பண்ண முடியாது" என்றாள். நியாயம்தான். நான் [1 ; 4[ என்று எழுதிக் காட்டியபோது, பிரெஞ்சுக்காரர்கள் அடைப்புக்குறியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் [1, 4) என்று எழுதுகிறார்கள். 1 உண்டு, 4 இல்லை. இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். அடுத்த கணக்குக்கு அலைக்கோடு போடுவதற்கு முன்னால், கீழே இருக்கும் எண் சைபராகும் இடத்தில் சின்னதாக இரட்டைக் கோடு. வர்க்கம் சைபராகும் இடத்தில் ஒரு கெட்டிப் புள்ளி. ஐந்து விநாடிகூட ஆகவில்லை. பிறகு பழைய தாள்களை எடுத்து, பச்சை டிக் போட்ட கணக்குகளையே மறுபடி பார்க்க ஆரம்பித்தாள். தப்பானதைத் திரும்பப் பார்ப்பவர்கள் உண்டு. சரியானதைத் திரும்பப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு அதுவே போதும்.

சாயங்காலம் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள். "அந்த அம்மா பணம் வாங்கினப்போ உங்களை என்ன சொன்னாங்க தாத்தா?"

ஒன்றும் சொல்லவில்லை. கவுண்டரில் நின்று ரூபாயை எண்ணினார். மறுபடி ஒருமுறை எண்ணினார். இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.