கொழுப்புக்கு ஒரு குடோன்
ஓ.பி.க்கு ஸ்கேன் ரிப்போர்ட்டோட வந்த அக்கா கேட்டாங்க: "கல்லீரல்ல கொழுப்பாம் டாக்டர். கரைச்சு எடுக்க மாத்திரை குடுங்களேன்."

ஈஸ்ட் கதை ஒண்ணு சொல்றேன்.

ஈஸ்ட் செல்லில் டிஜிஏ1 என்று ஒரு நொதி. டைகிளிசரைடில் மூன்றாவது கொழுப்பு அமிலத்தை ஒட்டி ட்ரைகிளிசரைடாக்கும். அது எண்ணெய்த் துளியாகச் சேரும். இதன் உறவுக்கார நொதி நம்ம கல்லீரலிலும் உண்டு.

இது உட்பட, கொழுப்பைச் சேமிக்கும் 4 நொதிகளையும் ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தாங்க. துளியே இல்லை, ஆனா ஈஸ்ட் பிழைச்சுது. ஒலீயிக் அமிலம் கொடுத்ததும் அதுவே நஞ்சாச்சு. சேர்த்து வைக்க இடமில்லையே!

அந்தத் துளி ஒரு குடோன். நிரம்பி வழிஞ்சா ஆபத்துதான். ஆனா குடோனை இடிக்கிறது வைத்தியமில்ல, வர்ற லோடைக் குறைக்கணும். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைஞ்சாலே கல்லீரல் தேறும்.

அக்காகிட்ட சொல்லாதது: என் ஸ்கேனும் கிரேடு 1. நைட் டியூட்டி பரோட்டாவை நிறுத்தி மூணு வாரமாச்சு.