தள்ளுபடிச் சீட்டு

சிக்கனமும் மலிவும் ஒன்றே என யாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதைச் சென்ற பருவத்தில் 150 ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

விடுதியில் இரவிற் படிப்பதற்கு ஒரு மேசைவிளக்கு வேண்டியிருந்தது. அதன்பொருட்டுச் சிறுகச் சிறுக 650 ரூபாய் சேர்த்திருந்தோம். இணையக் கடையொன்றில் அதன் விலையும் அதுவே. வாங்குந் தறுவாயில், 1,000 ரூபாய்க்கு வாங்குவோர்க்கு 200 ரூபாய் தள்ளுபடியென்றும், அச்சலுகை நள்ளிரவோடு முடியுமென்றும் கூறும் சீட்டொன்று திரையிற் தோன்றிற்று. அதனைக் கைவிட மனம் ஒருப்படவில்லை. தண்ணீர்க்குப்பியும் கைப்பையுமாக 350 ரூபாய்க்குக் கூட்டி வாங்கி, 800 ரூபாய் செலுத்தினோம். போதாத 150 ரூபாயைத் தேர்வுக் கட்டணத்திற்கென வீட்டினின்று வந்திருந்த தொகையில் எடுத்தோம். 200 ரூபாய் ஈட்டியவர்போல் அன்றிரவு இனிதே உறங்கினோம்.

கட்டணத்திற்குரிய இறுதி நாள் அணுகிற்று. நண்பர்பாற் கடன் கேட்க நாணி, அன்னையார்க்குத் தொலைபேசியில் உரைத்தோம். அரிசிப்பானையுள் வைத்திருந்ததை எடுத்தனுப்பிய அவர், "சீட்டுனால நமக்கு லாபம் எவ்வளவு, ஐயா?" என்று கள்ளமின்றி வினவினார். மறுமொழி கூற எமக்கு நாவெழவில்லை.

மறுநாள் கல்லூரிக்கெதிரேயுள்ள கடையில் அதே விளக்கைக் கண்டோம். விலை 660 ரூபாய். இணைய விலையைக் கூறினோம். கடைக்காரர் நகைத்து, "அதைக் காட்டியிருந்தா நானும் அந்த விலைக்கே தந்திருப்பேனே, தம்பி" என்றார். அமெரிக்கப் பெருங்கடைகள் பிறர் விலைக்கு ஈடுகொடுப்பதைத் தம் கொள்கையாக விளம்பரஞ் செய்கின்றன. நம் தெருக்கடையில் வாய்திறந்து கேட்டாற் போதும்.

சீட்டு புதியதன்று. அமெரிக்காவில் 1880-களின் பிற்பகுதியிலேயே கோக்கோ-கோலாப் பானத்தை ஒரு குவளை விலையின்றிப் பருகச் சீட்டு வழங்கினர். சுவை கண்டவர் அடுத்த குவளைக்குக் காசுடன் வருவர் என்பதே கணக்கு. எமக்கு வந்த சீட்டின் கணக்கும் அத்தகையதே. அது வேண்டாதவற்றை வாங்குவித்தது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. நம் நாட்டிற் பொட்டலத்தின்மீது அச்சிடுவது உச்சவிலை. அதற்குமேல் விற்றல் குற்றம். குறைத்து விற்கத் தடையில்லை. ஆகலின் அச்சிட்ட விலையிற் பாதியென்பது பிற கடை விலையிற் பாதியென்று பொருள்படாது. ஒரு கிராமிற்கு இவ்வளவு என்னும் அலகு விலையையும் அச்சிடும்படி 2021-இல் விதி திருத்தப்பட்டது. பெரிய பொட்டலம் மெய்யாகவே மலிவோ என்பதை அதனைக்கொண்டு அறியலாம்.

நண்பர்காள்! சீட்டைப் பழித்தல் எம் கருத்தன்று. வேண்டிய பொருளை முன்னர்க் குறித்துப் பின்னர்ச் சீட்டைத் தேடுவோர்க்கு அது நன்மையே. சீட்டைக் கண்டு பொருளைத் தேடுவோர்க்கே இடர்.

அவ்விளக்கின் ஒளியிலேதான் இதனை எழுதுகின்றோம். கைப்பை இன்னும் உறை பிரியாமற் கிடக்கின்றது. அடுத்த திங்களில் மாலைச் சிற்றுண்டியை ஒழித்து, 150 ரூபாயை அன்னையார்க்கு அனுப்பினோம். அது மீண்டும் அரிசிப்பானையுட் புகுந்ததென அறிந்தோம்.