பிரிந்த வெள்ளியும் பிரியாத பங்கும்

ஒரு நாடு தான் இணைந்திருந்த ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்ற விவாதம் எங்கே எழுந்தாலும், விலகச் சொல்வோர் சிங்கப்பூரைச் சாட்சிக்கு அழைக்கத் தவறுவதில்லை. 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டுமா என்று பிரிட்டிஷ் மக்களிடம் கேட்கப்பட்டபோது 51.9 சதவீதத்தினர் ஆம் என்று வாக்களித்தனர். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தேம்ஸ் நதிக்கரையிலும் ஒரு சிங்கப்பூரை உருவாக்கிவிடலாம் என்னும் பேச்சு அந்நாட்டு ஏடுகளில் பலகாலம் அடிபட்டது. மலேசியாவை விட்டுப் பிரிந்த அச்சிறு தீவு செழிக்கவில்லையா என்பது அவர்களின் வாதம். நமதூர் வலீமா விருந்துகளிலும் இந்த வாதத்தைக் கேட்டிருக்கிறேன். லண்டன்காரர் எதையும் பேசட்டும். நாகப்பட்டினத்துக்காரர் இவ்வாறு பேசும்போது வியப்பாக இருக்கிறது. அந்தப் பிரிவினையின் கணக்கு நம் வீட்டுப் பேரேடுகளில் அல்லவா எழுதப்பட்டது!

அந்நாளில் நமக்குச் சிங்கப்பூர் வேறு, மலேசியா வேறு என்ற எண்ணமே கிடையாது. எல்லாம் 'மலாயா'. நாகையின் கரையோரம் ஆழம் போதாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பெட்டியும் படுக்கையும் கண்ணீருமாகப் படகிலேறிச் சென்றுதான் சபராளிகள் கப்பலை அடைய வேண்டும். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' என்னும் கப்பல் நம் வீட்டுப் பெண்களின் வாயில் ஓர் உறவினர் பெயரைப் போலவே புழங்கியது. அது பினாங்கில் சிலரை இறக்கும், கிள்ளான் துறையில் சிலரை, சிங்கப்பூரில் மீதிப்பேரை. எங்கே இறங்கினாலும் செல்வது ஒரே வெள்ளிதான். பினாங்கிலும் ஒரு நாகூர் தர்கா, சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் ஒரு நாகூர் தர்கா. இரண்டும் நம்மவர் கட்டியவை. இன்று அவற்றுக்கிடையே ஒரு நாட்டெல்லை இருக்கிறது.

சிங்கப்பூர் மலேசியாவுடன் சேர்ந்ததும் பிரிந்ததும் இரண்டே ஆண்டுகளுக்குள் முடிந்துபோன கதை. 1962 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடந்த பொது வாக்கெடுப்பில், எந்த முறையில் சேர்வது என்றுதான் கேட்கப்பட்டது; சேர வேண்டாம் என்று சொல்ல வாக்குச்சீட்டில் இடமே இல்லை. நான்கில் ஒருவர் வெற்றுச்சீட்டைப் போட்டுத் தம் மனத்தைத் தெரிவித்தனர். 1963 செப்டம்பர் 16இல் மலேசியா பிறந்தது. சேர்வதற்குச் சொல்லப்பட்ட முதற்காரணமே பொருளாதாரம்தான். தீவில் தொழிற்சாலைகள் எழ வேண்டுமானால் தீபகற்பத்தின் சந்தை வேண்டும். ஆகவே ஒரு பொதுச் சந்தை அமைக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தனர். அந்தச் சந்தை வரவே இல்லை. மாறாக, சிங்கப்பூர் தன் வரி வருவாயிலிருந்து மத்திய அரசுக்குத் தரும் 40 சதவீதப் பங்கை 60 ஆக்க வேண்டும் என்ற பேச்சு கோலாலம்பூரில் எழுந்தது. அதே வேளையில் இந்தோனேசியா தொடுத்திருந்த பகைமையால் தீவின் துறைமுக வணிகமும் தளர்ந்துகொண்டிருந்தது.

பணத்தகராறு மட்டும் என்றால் பேசித் தீர்த்திருப்பார்கள். 1964 ஜூலை 21 அன்று, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சிங்கப்பூரில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கலவரம் மூண்டது. 23 உயிர்கள் போயின. செப்டம்பரில் மீண்டும் ஒரு கலவரம். சமாதானத்தைப் போதிக்க வந்தவரின் நாளிலா இது என்று என் வாப்பா கடிதத்தில் எழுதியிருந்தார்கள். மார்க்கத்தால் மலாய்க்காரருக்கு உறவும், மொழியால் வேற்றினமுமாகிய நம்மவர், இரு பக்கத்துக்கும் அஞ்சிக் கடையைப் பாதி திறந்து வைத்திருந்த நாட்கள் அவை.

1965 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்குச் சிங்கப்பூர் வானொலி பிரிவினையை அறிவித்தது. கோலாலம்பூர் நாடாளுமன்றம் அன்றே 126 வாக்குகளுடன், எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றி, அதற்கு இசைவளித்தது. சேர்வதற்கு வாக்குச்சீட்டு கொடுத்தவர்கள் பிரிவதற்கு யாரையும் கேட்கவில்லை. பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டார். துங்கு அப்துல் ரஹ்மான் சிங்கப்பூரை வெளியேற்றினார் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ துன் அப்துல் ரசாக்குடன் ஜூலை மாதமே இரகசியமாகப் பேசிப் பிரிவினைக்கு வழி வகுத்தார் என்பது பல்லாண்டு கழித்தே வெளியாயிற்று.

எங்கள் பாட்டனாருக்கு அப்போது இரண்டு துணிக்கடைகள் இருந்தன. ஒன்று சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில். மற்றொன்று பாலத்துக்கு அப்பால் ஜொகூர் பாருவில். 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். பெரிய வாப்பா ஜொகூரிலும் என் வாப்பா சிங்கப்பூரிலும் அமர்ந்திருந்தார்கள். சாச்சா இரண்டுக்கும் நடுவே கைலிக்கட்டுகளைச் சுமந்து அலைவார். பாட்டனார் ஓய்வு பெற்று வெளிப்பாளையம் வீட்டில் இருந்தார்கள். பிரிவினைச் செய்தியைக் கேட்டதும் அவர்கள் கேட்ட முதற்கேள்வி, "பேரேடு இனி ஒன்றா, இரண்டா?" என்பதுதானாம். அரசியல் ஆய்வாளர் பலர் பக்கம் பக்கமாக எழுதியதைவிட இந்தக் கேள்வி எனக்குக் கூர்மையாகப் படுகிறது.

முதலில் ஒன்றும் மாறவில்லை. பாலத்தில் சரக்குக்குச் சுங்கச் சோதனை முன்பே உண்டு. ஆளைச் சோதிக்கும் வழக்கம்தான் இல்லை. பிரிந்தபின் இரு அரசுகளும் ஒன்றன் பொருள்கள் மீது மற்றொன்று இறக்குமதிக் கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டன. 1967இல் பாலத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. அதே ஆண்டு ஜூன் 12இல் பொது நாணயம் மறைந்து, இரு நாடுகளும் தனித்தனி வெள்ளியை வெளியிட்டன. ஒன்றுக்கு ஒன்று என்ற சம மதிப்பு மட்டும் 1973 மே வரை நீடித்தது.

இவற்றையெல்லாம் விடக் கடுமையாக எங்கள் வீட்டைத் தாக்கியது வேலை அனுமதிச் சட்டம். சிங்கப்பூர் 1965லேயே குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் செய்தது. மலேசியா 1968இல் அதைப் போன்றதொரு சட்டத்தை இயற்றியது. பெரிய வாப்பா மலேசியக் குடியுரிமை பெற்றிருந்தார்கள். என் வாப்பா சிங்கப்பூர்க் குடிமகன். இரு கடைக்கும் உழைத்த சாச்சாவிடம் இருந்ததோ, மலாயாவில் குடிமக்கள் அல்லாதோருக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரே நாடாக இருக்கையில் அதற்கு அவசரம் ஏது? 1970இல் அவர் ரஜுலாவில் திரும்பி வந்தார். அவரைப் போல ஆயிரக்கணக்கானோர் அவ்வாண்டுகளில் திரும்பினர். நாற்பது வயதுக்குமேல் நமதூர்க் கடைத்தெருவில் கைலி வியாபாரத்தை முதலிலிருந்து தொடங்கினார்.

இனி, சிங்கப்பூர் பிரிந்ததால்தான் செழித்ததா என்ற கேள்விக்கு வருவோம். பிரிந்த அன்று அதன் தலைவர்கள் அவ்வாறு நினைக்கவில்லை. குடிக்கும் நீருக்கு ஜொகூரை நம்பிய, இருபது இலட்சத்துக்கும் குறைவான மக்களைக் கொண்ட தீவு, வேலையின்மை மிகுதி. போதாக்குறைக்கு, நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை ஈட்டித் தந்த பிரிட்டிஷ் இராணுவத் தளங்களை 1971க்குள் மூடுவதாக 1968 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. அண்டைவீட்டுச் சந்தை அடைபட்டதால், கோ கெங் சுவீயும் டச்சுப் பொருளாதார ஆலோசகர் வின்செமியஸும் உலகச் சந்தையை நாடினர். வெளிநாட்டு நிறுவனங்களை வருந்தி அழைத்தனர். 1961லேயே தொடங்கியிருந்த ஜூரோங் தொழிற்பேட்டையை நிரப்பினர். வீடும் பள்ளியும் கட்டினர். பிரிவினை கொடுத்தது நெருக்கடி. செல்வம் அதன்பின் செய்த வேலையால் வந்தது. அறுத்துக்கொண்டதாகச் சொல்லப்படும் உறவையும் அவர்கள் முற்றாக அறுக்கவில்லை. ஜொகூர் நீருக்கான 1961, 1962 ஒப்பந்தங்களைப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே உறுதிசெய்துகொண்டனர். மலேசியாவும் மூழ்கிவிடவில்லை, பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலைகளையும் கிள்ளானில் தன் துறைமுகத்தையும் வளர்த்துக்கொண்டது.

சந்தையை இழந்தவன் உலகமெல்லாம் வாசல் திறந்ததையும், வாசலடியில் இருந்த பெருஞ்சந்தையிலிருந்து பிரிட்டன் தானாக எழுந்து வந்ததையும் எப்படி ஒரே தராசில் நிறுத்துவது? 2020 ஜனவரி 31இல் அந்நாடு விலகியது. நீண்டகாலத்தில் தன் உற்பத்தித்திறனில் 4 சதவீதம் குறையும் என்று அந்நாட்டு வரவுசெலவுக் கண்காணிப்பு அலுவலகமே மதிப்பிட்டிருக்கிறது. பெரிய எண்கள் இப்படி இருக்கட்டும். எந்த நாட்டின் சராசரியிலும் எங்கள் சாச்சாவைப் போன்றவர்கள் தென்படமாட்டார்கள். இரு பக்கமும் கால் வைத்திருந்தவரின் இழப்பை எந்தப் பக்கமும் தன் கணக்கில் எழுதுவதில்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கணக்கை எழுத வேண்டிய வேளை பின்னர் வந்தது. பாட்டனார் 1972இல் மறைந்தார்கள் (அல்லாஹ் அவர்களுக்கு மறுமையில் நற்பதவி அருள்வானாக). பாட்டியார் முன்பே காலமாகிவிட்டார்கள். மூன்று ஆண்மக்கள், ஒரு பெண். மார்க்க முறைப்படி மொத்தம் ஏழு பங்கு; ஆணுக்கு இரண்டிரண்டு, பெண்ணுக்கு ஒன்று. ஆனால் பல குடும்பங்களைப் போலவே எங்களிலும் பாகப்பிரிவினை தள்ளிக்கொண்டே போய், 1989இல்தான் அனைவரும் உட்கார்ந்தனர். அதற்குள் இரு வெள்ளிகளும் சமம் இல்லை. மலேசிய ரிங்கிட் இறங்கிவிட்டிருந்தது. சிராங்கூன் கடையோ ஜொகூர்க் கடையைப் போல் பன்மடங்கு பெருகியிருந்தது.

மரணம் நிகழ்ந்த அன்று இரண்டும் சமமதிப்பு, ஆகவே ஆளுக்கொரு கடை என்று வைத்து மற்ற இருவருக்கும் அன்றைய மதிப்பில் கொடுத்துவிடலாம் என்பது என் வாப்பாவின் யோசனை. பதினேழு ஆண்டு உழைப்பு தம்முடையதல்லவா என்றார்கள். மாமி ஒன்றும் பேசவில்லை, சாச்சாவும் பேசவில்லை. ஊரிலிருந்த ஆலிம் ஒருவரிடம் கேட்டனர். கடனும் வஸிய்யத்தும் போக, மரித்த கணத்திலேயே சொத்து வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிவிடுகிறது. பிரிக்காமல் வைத்திருந்த முதலின் வளர்ச்சியும் அப்படியே. உழைத்தவர் நியாயமான ஊதியத்தைக் கழித்துக்கொள்ளட்டும். மதிப்பைப் பிரிக்கும் நாளின் விலையிலும் நாணய மாற்றிலும் கணக்கிடுங்கள் என்று அவர் சொன்னார்.

வாப்பா அன்றிரவு உறங்கவில்லை. மறுநாள் ஸுபுஹுக்குப் பின் ஒப்புக்கொண்டார்கள். கொடுக்க வேண்டிய தொகையை முழுமையாகக் கொடுத்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அதனால் என் திருமணமும் ஓராண்டு தள்ளிப்போயிற்று. மாமி தம் ஒரு பங்கைக் கொண்டு வீட்டைச் செப்பனிட்டார். சாச்சா தம் இரு பங்கில் கடையைப் பெரிதாக்கினார். சிங்கப்பூர்க் காசில் நாகையில் கைலி விற்கிறேன் என்று சிரிப்பார்.

இன்று இரு கடைகளும் இல்லை. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கிறது. பெரிய வாப்பாவின் பேரன் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு, விடியுமுன் எழுந்து, வரிசையில் நின்று கடவுச்சீட்டைக் காட்டிப் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் வேலைக்குப் போய் வருகிறார். வேலை அனுமதியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறதாம்.