ரெண்டு பர்சென்ட் மாமா

பழைய கார் வியாபாரி எதில் சம்பாதிக்கிறார் என்று கேட்டால், "இதென்ன கேள்வி, காரில்தான்" என்பீர்கள். பாதி சரி. வண்டியை வாங்கி, டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, புது டயர் மாட்டி, வெயிலில் பளபளவென்று நிறுத்தி வைத்தால், வாடிக்கையாளர் கூடவே 'தெரிஞ்ச மெக்கானிக்' ஒருவர் வருவார். பானெட்டைத் திறந்து ஒரே ஒரு 'உச்' கொட்டுவார். அதோடு முப்பதாயிரம் போச்சு. மிச்ச சம்பாத்தியம் ஷோரூம் மூலையில், கண்ணாடித் தடுப்புக்குள் லோன் ஃபாரம் நிரப்புகிற பையனின் மேஜையில் இருக்கிறது.

என் அக்கா வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் இந்த வியாபாரம்தான் செய்கிறார், தன் தம்பியோடு கூட்டாக. நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார். பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டு திரிகிறவன் என்பதால், 'சும்மாதானே இருக்கே' என்ற உரிமையில் மாதக் கடைசியில் கணக்கு நோட்டை என் பக்கம் தள்ளிவிடுவார்.

லோனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததற்காக பாங்க்கோ ஃபைனான்ஸ் கம்பெனியோ டீலருக்குத் தருகிற கமிஷனுக்கு இந்த வட்டாரத்தில் 'பேஅவுட்' என்று பெயர். மாமாவுக்கு ரெண்டு பர்சென்ட். ஒவ்வொரு ஏப்ரலிலும், "ரெண்டேகால் பண்ணிக் குடுங்க" என்று கேட்பார். ஏரியா மேனேஜர் டையைத் தடவிக்கொண்டு, "மேலே கேட்டுச் சொல்றேன் சார்" என்பார். (அந்த ஆபீஸுக்கு மாடியே கிடையாது.) அடுத்த ஏப்ரல் வரை மேலேயிருந்து பதில் வராது. காலண்டர் மட்டும் வரும்.

போன வருஷம் நோட்டைப் புரட்டியபோது காரணம் புரிந்தது. ஆறு மாதத்தில் 72 லோன். அதை அஞ்சு கம்பெனிக்குச் சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் ஊற்றுகிற மாதிரி சமமாக ஊற்றியிருந்தார். "எல்லாரும் நமக்கு வேணும் மாப்ளே" என்பது மாமாவின் கொள்கை. தலைக்கு மாதம் ரெண்டோ மூணோ ஃபைல். ரெண்டு ஃபைல் கொடுக்கிறவருக்காக எந்த மேனேஜர் எழுந்து நிற்பார்?

ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். எத்தனை ஃபைல் உள்ளே போனது, எத்தனை சாங்ஷன் ஆனது, முதல் மூணு தவணையில் எத்தனை பவுன்ஸ், ஆர்.சி. பெயர் மாற்றி வர எத்தனை நாள். லோன் கொடுக்கிறவருக்கு வயிற்றெரிச்சல் இந்த நாலில்தான். நிராகரித்த ஃபைலுக்கும் வீடு தேடிப் போய் விசாரித்த செலவு உண்டு. முதல் தவணையே திரும்பினால் வசூலுக்கு ஆள் அனுப்பவேண்டும். மாமாவின் பட்டியலில் பவுன்ஸ் ரெண்டே ரெண்டு. அதில் ஒன்று, ஆசாமி கல்யாணத்துக்குப் போய்விட்டு அக்கவுன்டில் பணம் போட மறந்தது.

"இதை வெச்சா பேசப்போறோம்?" என்றார் மாமா, நம்பிக்கையில்லாமல்.

"பர்சென்ட்டை விட்டுருங்க மாமா. மத்ததெல்லாம் கேப்போம்."

அஞ்சை ரெண்டாக்கினோம். முக்கால்வாசி ஃபைல் ஒரு கம்பெனிக்கு, மிச்சம் இன்னொன்றுக்கு. ஒன்றே ஒன்று என்று வைத்தால், அவர்கள் சாங்ஷனை இறுக்குகிற மாதம் நம் ஷோரூமில் ஈ ஓட்டவேண்டியதுதான்.

முதலில் ஜி.எஸ்.டி. இதை டீலர்கள் பலர் கவனிப்பதில்லை. அஞ்சு லட்ச ரூபாய் லோனுக்கு ரெண்டு பர்சென்ட், பத்தாயிரம். லோன் ஏஜென்ட் தனிநபராக இருந்தால் வரி கட்டுகிற பொறுப்பு கடன் கொடுக்கிறவர் தலையில். மாமாவுடையது பார்ட்னர்ஷிப், அதனால் அவரேதான் பில் போட்டு 18% கட்டவேண்டும். ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் 'வரி உள்பட' என்று இருந்தது. அதாவது பத்தாயிரத்துக்குள்தான் வரியும். 1.18-ஆல் வகுத்தால் கைக்கு வருவது 8,475 ரூபாய். இத்தனை வருஷமாக ரெண்டு பர்சென்ட் என்று மாமா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது உண்மையில் ஒண்ணே முக்காலுக்கும் கீழே! 'வரி தனி' என்று மாற்றினால், ஃபைலுக்கு 1,525 மிச்சம். பாங்க்குகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் இப்படிக் கட்டுகிற வரியில் பாதியை வரவு எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது; ஆக அவர்களுக்குச் செலவு முழுசாகக் கூடாது. இதைச் சொன்னதும் மேனேஜர் என்னைப் பார்த்து, "சார் ஆடிட்டருங்களா?" என்றார். "எழுத்தாளர்" என்றார் மாமா, கொஞ்சம் கூச்சத்துடன்.

அடுத்து ஆடி மாதம். மாதம் 40 லட்சம் தாண்டினால் கால் பர்சென்ட் கூடுதல் என்று ஒரு ஸ்லாப் உண்டு. ஆடியில் நம்மூரில் யார் வண்டி வாங்குகிறார்கள்? ஆவணியில் க்யூவில் நிற்பார்கள். மாதக் கணக்கை மூணு மாதக் கணக்காக்கி ஒரு கோடியே இருபது லட்சம் என்று வைத்தால் ஆடியின் பள்ளத்தை ஆவணி தூர்த்துவிடும். மும்பையில் உட்கார்ந்து ஸ்லாப் போட்டவருக்கு ஆடி தெரிய நியாயமில்லை. மேனேஜருக்குத் தெரியும், அவர் ஈரோட்டுக்காரர்.

பிறகு 'கிளாபேக்'. வாடிக்கையாளர் ஆறு மாதத்துக்குள் லோனை அடைத்துவிட்டால், கொடுத்த கமிஷனைப் பிடுங்கிக்கொள்வார்கள். சரி, நியாயம். ஆனால் மாமா கணக்கில் பிடித்த ஒரு பத்தாயிரத்தைத் துருவியபோது ஒரு கூத்து. அதே கம்பெனி அஞ்சாவது மாதம் அந்த வாடிக்கையாளருக்கு போன் போட்டு, டாப்அப் லோன் கொடுத்து, பழைய லோனைத் தானே மூடியிருக்கிறது. மூடியது அவர்கள், அபராதம் மாமாவுக்கு! இனி அவர்களே மூடினாலோ, விபத்தில் வண்டி மொத்தமாகப் போனாலோ பிடித்தம் கிடையாது, மற்றபடி கடந்த மாதங்களைக் கழித்துக்கொண்டுதான் பிடிக்கவேண்டும் என்று எழுதி வாங்கினோம்.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சார், உங்களுக்கு இன்னும் அரை பர்சென்ட் வேணும்னா ஒரு வழி இருக்கு. கஸ்டமருக்கு 14-ல ஆகிற ரேட்டை 15-னு போட்டுக்கலாம். யாரும் கேக்கமாட்டாங்க."

மாமா உடனே 'வேண்டாம்' சொல்லவில்லை. அந்த மாதம் வாடகை பாக்கி. எனக்குத் தெரியும்.

கால்குலேட்டரைத் தட்டினேன். அஞ்சு லட்சம், நாலு வருஷம். 14%-க்குத் தவணை 13,663 ரூபாய். 15%-க்கு 13,915. மாதம் 252 ரூபாய், ஒரு சினிமா டிக்கெட். 48 மாதத்தில் 12,100. அதில் மாமாவுக்கு அரை பர்சென்ட், 2,500. மாமா கையில் ஒரு ரூபாய் வர, முதல் கார் வாங்குகிற ஒரு பையன் கிட்டத்தட்ட அஞ்சு ரூபாய் கட்டவேண்டும்.

டீலர் இப்படி வட்டியை ஏற்றித் தன் கமிஷனை ஏற்றிக்கொள்வது பிரிட்டனில் பல வருஷம் நடந்தது. 2021 ஜனவரியில் அங்கே தடை செய்தார்கள். 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் மூன்று வழக்குகளில் ஒரே தீர்ப்பு சொன்னது. டீலர் கமிஷன் வாங்கியதே தப்பு என்று சொல்லவில்லை. பல வாதங்களில் கடன் கம்பெனிகள் பக்கமே சாய்ந்தது. ஆனால் பழைய கார் வாங்கிய ஒருவருக்கு மட்டும் அநியாயம் நடந்ததாகச் சொன்னது. அவர் கட்டவேண்டிய கடன் செலவு மொத்தத்தில் 55% டீலர் கமிஷன். அது அவருக்குத் தெரியாது. 1,650 பவுண்டு கமிஷனை வட்டியோடு அவருக்கே கொடுக்கச் சொன்னார்கள்.

நம் ஊரிலும் ரிசர்வ் பாங்க் 2024 ஏப்ரலில் உத்தரவு போட்டு, அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கெல்லாம், எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டி இவ்வளவு என்று ஒரு தாளில், கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்கவேண்டும் என்று வைத்திருக்கிறது. அந்தத் தாளை வாசகர்களில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுமுன் படித்தீர்கள்? கேட்டேன், அவ்வளவுதான்.

மாமா டீயைக் குடித்து முடித்தார். "ஏனுங்க, அந்தப் பையன் நாளைக்கு ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட ரேட்டைச் சொல்லுவான். அவன் 14-ம்பான். அப்புறம் அந்த ஆபீஸ்லேர்ந்து எவன் நம்ம கடைக்கு வருவான்? 14-லயே போடுங்க. எல்லாருக்கும்."

ரெண்டு பர்சென்ட் ரெண்டாகவேதான் இருக்கிறது. வரி தனி. மாதம் ஒன்பது ஃபைல் என்று வைத்தாலே 13,700 ரூபாய் கூட வருகிறது. கமிஷனில் பாதி லோன் பணம் வந்ததும், பாதி ஆர்.சி. வந்ததும் கைக்கு வருகிறது. முன்பெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் தாமதத்துக்கு மொத்தமும் காத்துக் கிடக்கும்.

கழற்றிவிட்ட மூணு கம்பெனிகளில் ஒன்றின் மேனேஜர் போன வாரம் ஸ்வீட் பாக்ஸோடு வந்திருந்தார். "ரெண்டரை தர்றேன் சார், ஃபைலை எங்க பக்கம் திருப்புங்க."

மாமா ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்:

"வரி உள்படவுங்களா, தனிங்களா?"