டிப்ஸும் தோல் நிறமும்

அமெரிக்காவில் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லில் இருக்கும் தொகையோடு கணக்கு முடிவதில்லை. அதற்கு மேல் 15 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் வைக்க வேண்டும். சட்டம் ஒன்றும் கிடையாது, வழக்கம்தான். ஆனால் சட்டத்தை விடக் கறாரான வழக்கம். அங்கே படிக்கப் போகும் தமிழ்ப் பசங்களுக்கு சீனியர்கள் முதல் வாரமே சொல்லித் தரும் பாடங்களில் இதுவும் ஒன்று. "மச்சி, நாற்பது டாலர் பில்னா ஆறு டாலராவது வைக்கணும்டா." புதிதாக வந்தவன் மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பான். ஐநூறு ரூபாய்க்கு மேல் வரும். சாப்பிட்டது ஜீரணமாகாது.

அந்தப் பாடத்தோடு இன்னொரு பாடமும் இலவசமாக வந்து சேரும். யார் டிப்ஸ் வைப்பார்கள், யார் வைக்க மாட்டார்கள் என்ற பட்டியல் அது. கறுப்பினத்தவர் வைக்க மாட்டார்கள், இந்தியர்கள் கஞ்சர்கள், வெளிநாட்டு டூரிஸ்ட் என்றால் கேட்கவே வேண்டாம். ஓட்டல் சமையலறைகளில் இந்தப் பட்டியல் சர்வ சாதாரணம். சில உணவகங்களில் கறுப்பின வாடிக்கையாளர்களைக் குறிக்க 'கனடாக்காரர்' என்று ரகசியச் சொல்லே வைத்திருந்தார்கள். மேசையில் இருப்பவர் காதில் விழுந்தாலும் புரியாது அல்லவா?

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்பதற்கு முன், சர்வர்களின் சம்பளத்தைப் பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் மற்றது எதுவும் புரியாது.

அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். 2009ல் இருந்து அதே தொகை. ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி 5.12 டாலரை டிப்ஸ் ஈடுகட்டிவிடும் என்று கணக்கு. ஈடுகட்டாவிட்டால் முதலாளி போட்டுத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த 2.13 டாலர் 1991ல் வந்தது. அப்போது அது குறைந்தபட்சக் கூலியில் பாதி. 1996ல் அந்தப் 'பாதி' என்ற முடிச்சை அவிழ்த்துவிட்டார்கள். அதன் பிறகு குறைந்தபட்சக் கூலி ஏறியது, இது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உள்பட ஏழு மாநிலங்களில் இந்த இரட்டைக் கூலி கிடையாது. பல மாநிலங்கள் 2.13ஐ விடக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கின்றன. தென் மாநிலங்கள் பலவற்றில் அதே 2.13 தான்.

ஆக, சர்வருக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் முதலாளி இல்லை, மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான். அவர் எவ்வளவு கொடுப்பார் என்று சாப்பிட்டு முடிக்கும் வரை தெரியாது. அதனால் அவர் உள்ளே நுழையும்போதே முகத்தைப் பார்த்து எடை போடும் பழக்கம் வந்துவிடுகிறது.

இது தற்செயலாக வந்த ஏற்பாடா? வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. டிப்ஸ் கொடுப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம். 1865ல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த காலத்தில்தான் அது அமெரிக்காவில் வேர் பிடித்தது. விடுதலையான கறுப்பின மக்களுக்குக் கிடைத்த வேலைகள் கொஞ்சம்தான். வேலைக்கு வைத்த முதலாளிகள் பலர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, மீதியை வாடிக்கையாளரிடம் வாங்கிக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் ஜார்ஜ் புல்மனின் ரயில் கம்பெனி. படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளை ஓட்டிய அந்தக் கம்பெனி, பெட்டிகளில் பயணிகளைக் கவனித்துக்கொள்ள அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்களை வேலைக்கு எடுத்தது. படுக்கை விரிப்பது, ஷூ பாலீஷ் போடுவது, பெட்டி தூக்குவது எல்லாம் அவர்கள் வேலை. முழுச் சம்பளம் வாங்க மாதம் 400 மணி நேரம் உழைக்க வேண்டும், அல்லது 11,000 மைல் பயணம் செய்ய வேண்டும். அந்தச் சம்பளமும் பற்றாது, டிப்ஸை நம்பித்தான் குடும்பம். பயணிகள் பலர் அவர்களின் பெயரைக் கூடக் கேட்க மாட்டார்கள். எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிடுவார்கள், முதலாளியின் பெயரால். அடிமைகளை எஜமானன் பெயரால் அழைத்த பழக்கத்தின் மிச்சம் அது. சிரித்த முகத்தோடு "யெஸ் சார்" என்று சொன்னால்தான் காசு. 1925ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1937ல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். மாத வேலை நேரம் 240 மணியாகக் குறைந்தது.

டிப்ஸை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1909ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸைத் தடை செய்து சட்டமே போட்டது. இன்னும் சில மாநிலங்கள் பின்பற்றின. 1926க்குள் எல்லாச் சட்டங்களும் ரத்தாகிவிட்டன. ஆனால் அந்த எதிர்ப்பிலும் ஒரு விஷம் கலந்திருந்தது. கறுப்பர்கள் கை நீட்டுவது சகஜம், வெள்ளைக்காரன் கை நீட்டுவதுதான் கேவலம் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வெளிப்படையாகவே எழுதினார்கள். அதாவது அன்று கறுப்பினத்தவர் மீது இருந்த முத்திரை 'டிப்ஸ் வாங்குகிறவர்கள்'. நூறு வருடத்தில் அது 'டிப்ஸ் கொடுக்காதவர்கள்' என்று மாறிவிட்டது. முத்திரை மாறியது, குத்தப்படுகிறவர்கள் மாறவில்லை.

சரி, இந்தப் பேச்சில் உண்மையே இல்லையா? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின் பல வருடங்களாக டிப்ஸ் பற்றி ஆராய்ந்தவர். சராசரியாகப் பார்த்தால் கறுப்பின வாடிக்கையாளர்கள் வெள்ளையரை விடக் குறைவாக டிப்ஸ் வைக்கிறார்கள் என்றே அவர் ஆய்வுகள் சொல்கின்றன. வருமானம், படிப்பு ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் முழுக்க மறைவதில்லை. ஆனால் அவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். 15 முதல் 20 சதவீதம் வைப்பதுதான் வழக்கம் என்பதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் வெள்ளையரிடையே ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம். வித்தியாசத்தில் ஒரு பகுதி, வழக்கம் தெரிவதா தெரியாததா என்ற விஷயம். முதல் வாரம் சீனியர் சொல்லித் தராத தமிழ்ப் பையன் ஒரு டாலரை மேசையில் வைத்துவிட்டு வருவானே, அதே கதைதான்.

அடுத்தது, சராசரி என்பது ஒரு மனிதன் அல்ல. வகுப்பின் சராசரி மார்க் 55 என்பதால் உள்ளே நுழைகிற ஒவ்வொருவனையும் 55 என்று எழுதிவிட முடியுமா? அந்த வித்தியாசமும் சர்வர்கள் நினைக்கிற அளவு பெரிது இல்லை. சகாக்களுக்குள் இனவாதப் பேச்சு சகஜமாக இருக்கும் ஓட்டல்களில் வேலை பார்ப்பவர்கள் அதை இன்னும் ஊதிப் பெருக்கி நினைக்கிறார்கள் என்று பின்னாளில் வந்த ஆய்வு காட்டியது.

இதன் விளைவு மேசையில் தெரிகிறது. சமூகவியலாளர்கள் பிரூஸ்டர், ரஷ் இருவரும் வட கரோலினாவில் சர்வர்களிடம் நடத்திய ஆய்வு 2012ல் வெளிவந்தது. வாடிக்கையாளரின் இனத்தைப் பார்த்துச் சில சமயமாவது கவனிப்பை மாற்றுவதாக மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். எப்படியும் காசு வராது என்று நினைத்த மேசைக்குத் தண்ணீர் தாமதமாக வரும், சிரிப்பு வராது, "இன்னும் ஏதாவது வேண்டுமா" என்ற கேள்வியும் வராது. அப்படிக் கவனிக்கப்பட்டவர் எவ்வளவு டிப்ஸ் வைப்பார்? குறைவாகத்தான் வைப்பார். உடனே சர்வர், "பார்த்தியா, நான்தான் சொன்னேனே" என்பார். தானே விதைத்ததைத் தானே அறுவடை செய்துவிட்டு, விளைந்ததை நிரூபணம் என்று காட்டுகிற கணக்கு இது.

இதன் இன்னொரு பக்கம் பலருக்குத் தெரியாது. நியூ ஹேவன் நகர டாக்ஸிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களை ஆராய்ந்து அயன் ஏர்ஸ் முதலான ஆய்வாளர்கள் 2005ல் வெளியிட்ட கட்டுரையில், கறுப்பின ஓட்டுநர்களுக்கு வெள்ளை ஓட்டுநர்களை விடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக டிப்ஸ் கிடைத்தது தெரிய வந்தது. கறுப்பினப் பயணிகளும் கறுப்பின ஓட்டுநருக்குக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். 2008ல் லின் குழுவினர் ஒரு தென் மாநில உணவகத்தில் பார்த்தபோதும் இதே கதை. வெள்ளை சர்வருக்கு இரு இனத்தாரும் கூடுதலாக வைத்தார்கள். ஆக, மேசையில் உட்கார்ந்தாலும் நஷ்டம், தட்டு தூக்கினாலும் நஷ்டம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பெனி முதலாளி கறுப்பினத் தொழிலாளிக்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சம்பளம் போட்டால் கோர்ட்டுக்கு இழுக்கலாம். அதே பாகுபாட்டை ஆயிரம் வாடிக்கையாளர்கள் ஆளுக்கு இரண்டு டாலராகப் பிரித்துச் செய்தால் யார் மேல் கேஸ் போடுவது? சம்பளம் கொடுக்கும் பொறுப்பை வாடிக்கையாளர் தலையில் கட்டியதும், பாகுபாட்டுக்கான பொறுப்பும் ஆவியாகிவிட்டது.

டிப்ஸை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதும் சுலபமில்லை. நியூயார்க்கின் பிரபல உணவக முதலாளி டேனி மேயர் 2015ல் தன் உணவகங்களில் டிப்ஸை நிறுத்தி, அதற்குப் பதில் உணவு விலையைக் கூட்டப்போவதாக அறிவித்தார். 2020ல் அவரே டிப்ஸுக்குத் திரும்பிவிட்டார். ஊர் முழுக்க ஒரு வழியில் போகும்போது தனியாக ஒரு ஓட்டல் வேறு வழியில் போவது கஷ்டம். சம்பளச் சட்டம் மாறினால்தான் விடிவு. ஏழு மாநிலங்களில் முதலாளி முழுக் கூலி கொடுக்கிறார், அங்கேயும் ஓட்டல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சட்டம் மாறும் வரை மேசையில் உட்கார்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்கா போன தமிழர்கள் பலர் இருபது சதவீதம் தவறாமல் வைக்கிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சிலர் "நம்மளையும் அவங்க மாதிரி நினைச்சுடுவாங்க" என்று கறுப்பினத்தவரைச் சுட்டிக்காட்டியபடியே பர்ஸைத் திறக்கிறார்கள். 'இந்தியன் கஞ்சன்' என்று அதே பட்டியலில் தன் பெயரும் இருப்பது தெரிந்தே, பக்கத்து வரியில் இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பது எந்த ஊர் நியாயம்? அடுத்த முறை ஜூனியர் பையனுக்கு டிப்ஸ் கணக்கு சொல்லித் தருகிற சீனியர், சதவீதத்தை மட்டும் சொல்லித் தந்தால் போதும். பட்டியலைச் சொல்ல வேண்டாம்.