டாக்டர் ஐயாவும் நான் எழுதாமல் விட்ட செய்தியும்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பாதையில் கஹவத்தையைக் கடந்தால் கொடகவெல வரும். மலைநாட்டின் குளிர் மெல்லக் குறைந்து, தேயிலையும் இறப்பரும் மாணிக்கக்கல் குழிகளும் மாறி மாறித் தென்படும் பிரதேசம் அது. நுவரெலியா மாவட்டத்தைப்போல் இங்கே தமிழர்கள் செறிந்து வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தோட்டங்களின் லயன்களில்தான் எமது மக்கள் வாழ்கிறார்கள். அப்படியொரு லயன் காம்பராவில்தான் நானும் பிறந்தேன்.

2022 ஆம் ஆண்டு ஜூலை மாதம் உறவினர் ஒருவரின் மரணச் சடங்குக்காக ஊருக்குச் சென்றிருந்தேன். எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற காலம். கொடகவெல நகரில், நீண்டு கிடந்த வாகன வரிசையோரமாக நான் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு முதியவர் என் முன்னால் வந்து நின்றார்.

"பத்திரிகையில இருக்கிற தம்பிதானே?" என்று கேட்டார்.

அவரை அடையாளம் காண எனக்குச் சில கணங்கள் தேவைப்பட்டன. கண்டதும் நாக்கு உலர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் வைத்திய உதவியாளராக இருந்தவர். தோட்டத்து மக்களுக்கு அவர் எப்போதும் 'டாக்டர் ஐயா'தான்.

இருபத்தொரு வருடங்களுக்கு முன்னர் அவரைப் பற்றி நான் ஒரு செய்தி எழுதினேன்.

2001 இல் கொழும்பில் நாளிதழொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்று, பேனாவால் உலகத்தைத் திருத்திவிடலாம் என்று நம்பியிருந்த வயது. ஒருநாள் தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் தொலைநகல் அனுப்பியிருந்தார். நள்ளிரவில் பிரசவ வலியோடு தவித்த பெண்ணொருத்தியின் கணவர், டாக்டர் ஐயாவின் வீட்டுக் கதவை நெடுநேரம் தட்டியும் அவர் திறக்கவில்லை. தாமதமாக லொறியில் ஏற்றிச் சென்றும் குழந்தை பிழைக்கவில்லை. இதுதான் செய்தி. தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இருவர் அதனை உறுதிப்படுத்தினார்கள். 'வைத்திய உதவியாளரின் அலட்சியம்: சிசு பலி' என்ற தலைப்பில் செய்தி வெளியானது. ஒரு வாரத்தில் அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றப்பட்டார். இரண்டு வருடங்களில் வேலையையே விட்டுவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். அன்றைக்கு ஆசிரிய பீடத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

அந்த மனிதர்தான் இப்போது என்னைத் தமது வீட்டுக்கு அழைத்துச் சென்று, சாயத்தண்ணீர் தந்து உபசரித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார்.

"நீங்க பொய் எழுதல்ல தம்பி. கதவு தட்டின சத்தம் எனக்குக் கேட்டிச்சி. எழும்பல்ல."

நான் பேச்சற்றிருந்தேன். அவரே தொடர்ந்தார்.

அது அவருக்கு உறக்கமில்லாத மூன்றாவது இரவு. மூன்று டிவிஷன்களுக்கும் அவர் ஒருவரே. அதற்கு முந்திய இரவு, கிருமிநாசினி அருந்திய ஓர் இளைஞனை லொறியில் ஏற்றிக்கொண்டு இரத்தினபுரிக்குப் போயிருக்கிறார். பையன் அவருடைய மடியிலேயே இறந்துபோனான். விடிந்ததும் திரும்பி வந்து மருந்தகத்தைத் திறந்திருக்கிறார். ஏனென்றால் அவர் கையொப்பமிடாவிட்டால் சுகவீன விடுப்புக்கு வழியில்லை. அன்றைக்கு வந்தவர்களில் ஒரு கிழவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்திருக்கிறார்.

"உடம்புக்கு முடியாம இல்ல. எழும்ப மனசே வரல்ல. யாரு செத்தா எனக்கென்னன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். கால் மணி நேரம் கழிச்சிப் போனேன். அவங்க லொறி தேடிப் போயிட்டாங்க. நான் உடனே போயிருந்தாலும் பிள்ளை பிழைச்சிருக்குமான்னு தெரியாது. ஆனா அந்த நெனப்பு வந்திச்சே, அது என்னை இன்னைக்கும் தின்னுது."

வாசகர்களே, இந்த நிலைக்கு இன்று ஒரு பெயர் இருக்கிறது. 1974 இல் நியூயோர்க்கில் இலவச மருத்துவ நிலையமொன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், தம்மையும் சக ஊழியர்களையும் அவதானித்து அந்தச் சொல்லை எழுத்தில் வைத்தார். ஆங்கிலத்தில் 'பேர்ன் அவுட்'; எரிந்து தீர்ந்துபோதல். நாம் பணிச்சோர்வு என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது: சக்தியெல்லாம் வற்றிப்போதல், செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம். இதனை ஒரு நோயாக அந்நிறுவனம் வகைப்படுத்தவில்லை. பணியிடத்தின் நீடித்த அழுத்தம் கவனிக்கப்படாமல் போவதால் விளைவது என்றே சொன்னது. அதாவது, குறை ஆளிடம் மாத்திரம் இல்லை. இடத்திலும் இருக்கிறது.

தோட்டத்து மருத்துவம் என்ற அந்த இடம் எப்படி உருவானது? கோப்பிக் காலத்தில், 1872 இல், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென முதற்சட்டம் வந்தது. 1912 இல் வந்த சட்டம் தோட்டத்துரைமாரின் பொறுப்புகளை விரிவாக்கியது. தொழிலாளி எழுந்து வேலைக்குப் போகவேண்டும் என்பதே இவற்றின் உள்நோக்கம். நாட்டின் பொதுச் சுகாதார சேவை ஒருபுறம் வளர, தோட்டங்கள் தனித்தீவுகளாகவே நின்றன. தோட்டங்களை அரசு கையேற்ற எழுபதுகளிலும், நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறிய 1992 இற்குப் பின்னரும், பல தோட்டங்களில் முழுப்பட்டம் பெற்ற மருத்துவர் இல்லை; வைத்திய உதவியாளர் ஒருவரும் மருத்துவமாது ஒருவரும்தான். அந்த ஒருவரும் இல்லாத தோட்டங்கள் பல. தோட்ட மருத்துவமனைகளை அரசு பொறுப்பேற்கும் பணி தொண்ணூறுகளில் தொடங்கியது, இன்னமும் முற்றுப்பெறவில்லை.

சப்ரகமுவையில் இன்னொரு சுமையும் உண்டு. அரச வைத்தியசாலைகளில் பெரும்பாலும் சிங்களத்திலேயே அலுவல் நடக்கும். சிங்களம் சரளமாக வராத நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளரும் டாக்டர் ஐயாதான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தற்கொலை வீதத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு இலங்கை. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னரே அது பெருமளவு குறைந்தது. அந்த வருடங்களில் தோட்டத்து மருந்தகங்களின் வாசலுக்கு வந்த பிள்ளைகளை முதலில் கையில் ஏந்தியவர்கள் இத்தகையவர்களே. அவர்களிடம், "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டவர் யாருமில்லை. நானும் கேட்கவில்லை. தொலைபேசியில் இருவரிடம் 'என்ன நடந்தது' என்று கேட்ட நான், அவரிடம் 'ஏன்' என்று கேட்டிருக்கவேண்டும். உண்மையைத்தான் எழுதினேன். ஆனால் கால்வாசியை எழுதினேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் அவருடைய மகள் வந்தார். அரச வைத்தியசாலையொன்றில் தாதி. பஸ் இல்லாததால் வழியின் பெரும்பகுதியை நடந்தே வந்திருந்தார். எனக்கு வணக்கம் சொல்லவும் இல்லை. வாசற்படியில் அமர்ந்து, சப்பாத்தைக் கழற்றாமல் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் ஏதோ கேட்க முற்பட்டபோது டாக்டர் ஐயா மெதுவாகச் சொன்னார்.

"இப்ப ஒண்ணும் கேக்கவேணாம் தம்பி. அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

பிறகு அவரே ஒரு கோப்பைத் தேநீரை மகளின் அருகில் வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி அமர்ந்துகொண்டார். தமக்கு யாரும் செய்யாததை அவர் மகளுக்குச் செய்கிறார் என்று எனக்குப் பட்டது.

கொரோனாவின் முதல் பதினேழு மாதங்களில் உலகெங்கும் சுமார் 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் உயிரிழந்திருக்கலாமென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நியூயோர்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவை நடத்திய டொக்டர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயரால் அங்கே 2022 இல் ஒரு சட்டமே வந்தது. அதே வருடம் மார்ச்சில் நமது பேராதனை போதனா வைத்தியசாலையில், மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. மருந்து இல்லையென்று நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியிருந்தவர் அமைச்சரல்லர், தாதியும் மருத்துவரும்தான். பின்னர் நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். எஞ்சியோரின் தோளில் அவர்களின் சுமையும் ஏறியது.

கொரோனாக் காலத்தில் நாம் கைதட்டினோம், விளக்கேற்றினோம். 'தெய்வங்கள்' என்று எழுதினோம். தெய்வத்துக்கு உறக்கம் தேவையில்லை, விடுமுறை தேவையில்லை என்பது எவ்வளவு வசதி! தேவைப்படுவது அதுவல்ல. மாற்றாள் ஒருவர், ஒழுங்கான ஓய்வு, கசப்பை இறக்கிவைக்க ஓர் இடம். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இன்று எல்லோருக்கும் பொதுவானது. வெள்ளை உடுப்புப் போட்டவர்களுக்கும் அது பொதுவானதுதான் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

விடைபெறும்போது டாக்டர் ஐயா கேட்டார்: "தம்பி, அந்தப் பிள்ளையோட தாயி இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. செய்தி எழுதிய மறுநாளே நான் அவளையும் மறந்துவிட்டிருந்தேன்.