தேனில்லாத தேன் மிட்டாய்

“ஒரு கரண்டி போதும்! இரத்தம் ஊறும், எலும்பு இரும்பாகும், அறிவு ஒளிவிடும், அண்டிய பிணி அகன்றோடும்!”

எவருடைய வாக்கு இது? வேப்பிலை ஏந்திய பூசாரியின் வாக்கா? தெருமுனையில் தாயத்து விற்பவனின் முழக்கமா? இரண்டும் அல்ல, தோழர்களே! பளபளக்கும் டப்பா ஒன்று பேசுகிறது. உடுக்கை ஓய்ந்தது, விளம்பரம் ஒலிக்கிறது. திருநீற்றுப் பொட்டலம் போய், சத்துப் பொடிப் பொட்டலம் வந்திருக்கிறது. ‘சூப்பர் ஃபுட்’ என்று அதற்குப் பெயர். உணவுக்குள் ஓர் அற்புதம் ஒளிந்திருக்கிறதாம்! அற்புதம் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆதாரம் எங்கே என்று கேட்பதல்லவா நமது பழக்கம்? கேட்போம்.

நாம் ஆசிரியப் பணி புரியும் ஊர் போடிநாயக்கனூர். ஏல மணம் கமழும் ஊர். ஊரின் மேற்கே எழும் மலைப்பாதை போடிமெட்டைக் கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களை அடைகிறது. கதிரவன் எழுமுன்பே ஜீப்புகள் புறப்படும். அவற்றிலே நெருக்கியடித்து அமர்ந்து செல்வோர், நமது வகுப்புப் பிள்ளைகளின் அன்னையர். செடியின் அடியிலே குனிந்து, விளைந்த காயை மட்டும் பார்த்துப் பறிப்பது அவர்கள் தொழில். அந்தக் காய் உலர்ந்து, தரம் பிரிந்து, ஏல மையத்திலே விலை பேசப்பட்டு, வடநாட்டுக்கும் வளைகுடாவுக்கும் பயணமாகிறது. பறித்த கைகளோ, வெளிறிய நகங்களோடு வீடு திரும்புகின்றன.

அத்தகைய தாய் ஒருவர் ஒருநாள் பள்ளிக்கு வந்தார். பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமீது வைத்தார்.

“சார், இதக் குடுத்தா பிள்ளைக்கு ரத்தம் ஊறும்னு கடையில சொன்னாக. நெசந்தானா?”

மகள் எட்டாம் வகுப்பு மாணவி. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். டப்பாவின் விலை, தாயின் இரண்டு நாள் கூலி. முகப்பிலே வெற்றிக் கோப்பை ஏந்திய சிறுவன் சிரிக்கிறான். முதுகிலே எறும்பு எழுத்தில் மூலப்பொருள் பட்டியல். எடையில் மிகுந்தது முதலில் என்ற வரிசையில்தான் அப்பட்டியலை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மகளையே படிக்கச் சொன்னோம். முதலில் தானிய மாவு, அடுத்து, சர்க்கரை!

“இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் அம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்பதில்லை. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும், பூச்சி மருந்துக்கும் காசு கேட்பதில்லை” என்றோம். 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர். இத்தனை பேருக்கு உள்ள குறையைத்தான் டப்பா வாணிகம் தன் வயலாகக் கொண்டு உழுகிறது. காசு போவது ஒரு கேடு. ‘பொடிதான் கொடுக்கிறோமே’ என்ற நம்பிக்கையில் சோதனை தள்ளிப்போவது அதனினும் பெருங்கேடு.

இந்தப் பேருணவுகள் வருமுன் நமது பிள்ளைப் பருவத்திலே தின்பண்டம் இல்லையா? இருந்தது! பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடை; அதிலே வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். பல்லோடு போர் புரியும் கமர்கட்டு, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, நாக்கைச் சிவக்க வைக்கும் சவ்வு மிட்டாய், புளிப்பும் காரமும் கலந்த இலந்தை வடை, கடித்ததும் பாகு பீறிடும் தேன் மிட்டாய்! கூடையிலே மலையடிவாரத்துக் கொய்யா. கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவித் தருவார் கடைக்காரப் பாட்டி.

தேன் மிட்டாயில் தேன் உண்டா? ஒரு துளியும் இல்லை! அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைப் பொரித்துச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த உருண்டை அது. ஆயினும் எவரும் ஏமாறவில்லை. ‘இதைத் தின்றால் ஆயுள் நீளும்’ என்று பாட்டி சொல்லவில்லை, ‘இனிக்கும்’ என்றார், இனித்தது. அளவு மீறித் தின்றால் பல் சொத்தையாகும் என்றும் அவரே எச்சரித்தார். தேனில்லாத தேன் மிட்டாயிலே இருந்த நேர்மை, தேன் வழியும் விளம்பரங்களிலே இல்லையே!

விளம்பரத்தின் வித்தைதான் என்ன? முருங்கைக் கீரையைப் பாருங்கள். நம் கொல்லையிலே நிற்கும்வரை அது கீரை. பொடியாகிக் குப்பிக்குள் புகுந்தால் ‘மொரிங்கா’! பசலைக் கீரையைப்போல் 25 மடங்கு இரும்புச்சத்து என்று பறைசாற்றுகிறார்கள். பச்சைக் கீரையிலே பெரும்பகுதி தண்ணீர். ஒன்றை உலர்த்தி, மற்றொன்றை ஈரத்தோடு வைத்து, எடைக்கு எடை ஒப்பிட்டால் எண் ஏறாமல் என்ன செய்யும்? நூறு கிராம் கீரையைத் துவட்டி உண்ணலாம். நூறு கிராம் பொடியை விழுங்குவார் யார்? கரண்டியில் அடங்குவதோ சில கிராம். முருங்கை நல்ல கீரை; அதில் ஐயமில்லை. கணக்குத்தான் கள்ளக் கணக்கு.

நம் ஊர் ஏலக்காயையும் விடவில்லை. அதைத் தின்றால் கொழுப்பு கரையுமாம், குருதி தூய்மையாகுமாம்! ஒரு காயின் எடை அரைக் கிராமும் இல்லை. பாயசத்துக்கு அது தருவது மணம். மணத்தை மணமென்று விற்பது வாணிகம். மருந்தென்று விற்பது மோசடி.

மேலைநாட்டுச் சரக்கை மட்டும் சாடிவிட்டு, ‘பாரம்பரியம்’ என்று முத்திரை குத்திய உள்ளூர்ச் சரக்குக்கு வணக்கம் செலுத்தலாமா? கூடாது, தோழர்களே! ‘கருப்பட்டி மிட்டாய்: நீரிழிவு உள்ளோரும் உண்ணலாம்’ என்று பலகை மாட்டுகிறார்கள். கருப்பட்டியும் வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரையே. கிராமுக்கு ஏறத்தாழ 4 கலோரி தருவதிலும், இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதிலும் வெள்ளைச் சர்க்கரைக்குத் தம்பிகள் அல்ல. 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல். அவர்களிடம் அந்தப் பலகையைக் காட்டுவது கொடுமையல்லவா? கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்கும் உழைப்புக்கும் கிடைத்த சிறப்பு. நோய் தீர்க்கும் என்ற நற்சான்று அன்று. ‘முன்னோர் உண்டனர்’ என்பது வரலாறு; ‘ஆகவே பிணி தீரும்’ என்பது வேறு கூற்று; அதற்கு வேறு சான்று வேண்டும்.

சான்றுள்ளதை ஏற்கத் தயக்கம் வேண்டாம். நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிகுதி. கடல் கடந்து வரும் கிவிப் பழத்தைக் காட்டிலும் கொய்யாவில் வைட்டமின் சி இரு மடங்குக்கு மேல். அந்த வைட்டமின், கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது. உணவோடு பருகும் தேநீரோ தடுக்கிறது. கீரைச் சோறு உண்டபின் தேநீரைத் தள்ளிவைத்து, ஒரு கொய்யாவைக் கடி என்று சொல்ல எந்த டப்பாவும் முன்வராது. ஏன்? அந்த அறிவுரையிலே இலாபம் இல்லை!

சட்டம் உறங்கிவிடவில்லை. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே இந்நாட்டில் சட்டம் பிறந்தது. தக்க சான்றோடு ஒப்புதல் பெற்ற நலக்கூற்று இல்லாமல் ‘சூப்பர் ஃபுட்’ என்று விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் தடுத்தது. ‘ஹெல்த் டிரிங்க்’ என்பதற்குச் சட்டத்தில் வரையறையே இல்லை என்று கூறி, அந்தத் தலைப்பின்கீழ்ச் சத்துப் பானங்களை விற்க வேண்டாமென இணைய வணிகர்களுக்கு 2024 ஏப்ரலில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட்டது. ஆனால் சட்டம் கடைவாயிலில் நிற்கும். தாயின் செவியருகே நிற்க வேண்டியவர்கள் படித்த இளைஞர்கள்.

பிள்ளைகளின் பசியைப் போக்கியது எது? 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய உணவு, 1956-இல் காமராசர் விரித்த மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 1989-இல் கலைஞர் அதில் சேர்த்த முட்டை, 2022-இல் மு.க. ஸ்டாலின் தொடங்கிய காலை உணவு. ஊரார் வரிப்பணத்தில், ஊர்ப் பிள்ளைகள் சமமாக அமர்ந்து உண்ட சோறு சாதித்ததை எந்த அற்புதப் பொடியும் சாதிக்கவில்லை.

ஆகவே இளைஞர்களே, மிட்டாயை வெறுக்கச் சொல்லவில்லை. மகிழ்ந்து தின்னுங்கள், அளவோடு தின்னுங்கள், மிட்டாய் என்று அறிந்து தின்னுங்கள். டப்பா உங்கள் வீட்டுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எதோடு ஒப்பிட்டாய்? எவ்வளவு உண்டால்? எவர் சோதித்தார்? விடை இல்லையேல் அந்த இரண்டு நாள் கூலி தாயின் முந்தானையிலேயே இருக்கட்டும். கடலையும் முட்டையும் கீரையும் கொய்யாவும் அதிலே வாங்கலாம். மீதி இருந்தால், தேனில்லாத தேன் மிட்டாயும் வாங்கலாம்!